அலுவலக மின்னஞ்சலை நான் அழித்துவிட்டாலும் நிறுவனத்திடம் நகல் இருக்குமா? அதை அவர்கள் படிக்கலாமா?

பெரும்பாலும் இருக்கும். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். இரண்டாவதுதான் சிக்கல். பல ஆண்டுகள் அப்படியொரு காப்பகத்தின் சாவி என் கையில் இருந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பகத்தையும் பேக்கப்பையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சர்வர் பழுதானால் பழைய நிலைக்கு மீட்பதற்காக எடுப்பது பேக்கப். அது இரவில் மட்டும் எடுக்கப்படுவதாக இருந்தால், காலையில் வந்து மாலைக்குள் நீங்கள் அழித்த கடிதம் அதில் சிக்காமலே போகலாம். காப்பகத்துக்காகச் செய்யும் ஜர்னலிங் என்ற முறையில் அதற்கு வாய்ப்பே இல்லை. கடிதம் உங்கள் பெட்டிக்கு வரும் வழியிலேயே அதன் பிரதி ஒன்று தனிப் பெட்டிக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வரில் அந்தப் பிரதியோடு ஓர் அறிக்கையும் சேரும். பிசிசியில் யாரைச் சேர்த்தீர்கள் என்பது அதில் இருக்கும். கடிதத்தைப் பெற்றவருக்கே தெரியாத விவரம் அது!

எல்லாமே வேவு பார்ப்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்கள் தொழில் சார்ந்த கடிதங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதில் முதல் 2 ஆண்டுகள் கைக்கெட்டும் இடத்தில், என்று 17ஏ-4 என்ற விதியே இருக்கிறது. வழக்கு என்று வந்துவிட்டால் கடிதம் காணாமல் போனதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நகல் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. யார் திறக்கிறார்கள், திறந்ததற்குத் தடம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவர் வேலையை விட்டு விலகப்போவதாகச் சொன்னார். அவருடைய மேலாளர் என் மேசைக்கு வந்து, "ஓர் ஆண்டுக் கடிதங்களை எடுத்துக் கொடுங்கள், பார்த்துவிடலாம்" என்றார். எதைப் பார்க்க என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரைத் தட்டினேன். வந்த பட்டியலின் நடுவே ஒரு பரிசோதனைக்கூடத்தின் கடிதம். திறக்கவில்லை, தலைப்பு வரியே போதுமானதாக இருந்தது. மறுநாள் லிஃப்டில் அந்த விலகப்போகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதன்பிறகு எழுத்து மூலமான காரணமும் இரண்டு பேரின் ஒப்புதலும் இல்லாமல் தேடுவதில்லை என்று விதி போடச் செய்தேன். தேடியவர் யார், எந்தச் சொல்லைத் தேடினார் என்ற பதிவு, என்னால் தொட முடியாதபடி தணிக்கைப் பிரிவுக்குப் போனது.

சேர்த்து வைத்தது வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு, கணக்கு மோசடியில் சிக்கித் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானைப் பாருங்கள். விசாரணைக்காகத் திரட்டிய அதன் மின்னஞ்சல்களை அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் பொதுவில் வெளியிட்டது. அதிலிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைத்த தொகுப்பில் ஏறத்தாழ 150 பேரின் கடிதங்கள், சுமார் 5 லட்சம். மோசடிக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லாதவர்களின் குடும்பப் பேச்சும் அதில் கலந்திருந்தது.

படிக்கலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஐரோப்பாவில் பர்புலெஸ்கு வழக்கு முக்கியமானது. ருமேனியாவில் ஒருவர், வாடிக்கையாளர்களுக்காகத் திறந்த யாஹூ மெசஞ்சர் கணக்கில் சகோதரரோடும் வருங்கால மனைவியோடும் பேசியதற்காக 2007இல் வேலையிழந்தார். சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அங்கே இருக்கத்தான் செய்தது. இருந்தும் 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 11க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு நடக்கிறது, இந்த அளவுக்கு நடக்கிறது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகள் வைக்கிறீர்கள், யார் தேடலாம், கெடு முடிந்ததும் உண்மையிலேயே அழிக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் இழுப்பார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் காலவரையின்றி வைப்பது, என் அனுபவத்தில், சோம்பலுக்கு இன்னொரு பெயர்.

அலுவலக முகவரியை மருத்துவமனைக்கோ வங்கிக்கோ கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். நான் வேலை மாறிய வாரத்தில்தான் மாற்றினேன். அதற்கு முன் வந்தவையெல்லாம் இன்னும் அந்தக் காப்பகத்தில்தான் இருக்க வேண்டும். சாவி இப்போது வேறொருவர் கையில்.