எதிராளியைத் தாக்கும் தேர்தல் விளம்பரம் உண்மையிலேயே வாக்கு வாங்கித் தருமா?

சில நேரம் தரும், சில நேரம் திருப்பி அடிக்கும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தல்களில் இரண்டையும் பார்த்தார்கள்.

1990இல் குடியரசுக் கட்சியின் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்து நின்றவர் ஹார்வி கான்ட், சார்லட் நகரின் முன்னாள் மேயர், கறுப்பினத்தவர். கடைசி நாட்களில் ஹெல்ம்ஸ் தரப்பு ஒரு விளம்பரம் விட்டது. திரையில் ஒரு வெள்ளைக்காரரின் கைகள் மட்டும், முகம் கிடையாது. வேலை கிடைக்கவில்லை என்று வந்த கடிதத்தை அந்தக் கைகள் கசக்குகின்றன. தகுதி உங்களுக்குத்தான் இருந்தது, ஆனால் இன ஒதுக்கீட்டால் வேலை சிறுபான்மை இனத்தவர் ஒருவருக்குப் போய்விட்டது, கான்ட் அந்த ஒதுக்கீட்டை ஆதரிக்கிறார் என்கிறது குரல். முகம் இல்லாததால் பார்க்கிறவர் தன்னையே அங்கே வைத்துக்கொள்வார். அசிங்கமான உத்தி, ஆனால் கைதேர்ந்த வேலை. ஹெல்ம்ஸ் ஜெயித்தார். விளம்பரம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் 2008. அப்போது செனட்டராக இருந்த குடியரசுக் கட்சியின் எலிசபெத் டோல், தன்னை எதிர்த்த கே ஹேகனை நாத்திகர்களோடு முடிச்சுப் போட்டார். விளம்பர முடிவில் ஹேகனின் படம், கூடவே 'கடவுள் இல்லை' என்று ஒரு பெண் குரல். அது ஹேகனின் குரலே அல்ல! அவரோ தேவாலய மூப்பர், ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். உடனே பதில் விளம்பரம் கொடுத்தார், அவதூறு வழக்கும் போட்டார். பதவியில் இருந்த டோல் தோற்றார்.

1990இல் தூண்டப்பட்டது ஏற்கெனவே பலர் மனத்தில் இருந்த கோபம். 2008இல் சொன்னதோ, விசாரித்தால் உடனே உடையும் பொய்.