சிவப்பு ராடா, நீல ராடா? – பட்டறை கேள்வி பதில்

கேள்வி: டிக் (TIG) வெல்டிங்கில் எவர்சில்வர் வேலைக்கு எப்போதும் சிவப்பு முனை டங்ஸ்டன்தான் வாங்குகிறோம். அதில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்களே, மாற்ற வேண்டுமா?
– கப்பலூர் வாசகர்

பதில்: இருப்பது உண்மைதான். டார்ச்சில் மாட்டி, நுனியில் ஆர்க் (மின்பொறி) எழுப்பும் டங்ஸ்டன் கம்பியைத்தான் ராடு என்கிறோம். சிவப்பு ராடில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கும். தோரியம் கதிரியக்கப் பொருள். ராடைக் கையில் பிடிப்பதால் பயமில்லை. கூர் தீட்டும்போது பறக்கும் தூள் மூச்சில் போவதுதான் வினை. டிசி (ஒரே திசை மின்சாரம்) வேலையில் அந்த ராடைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வேலையை நீல ராடும் செய்கிறது. அதில் இருப்பது 2 சதவீதம் லாந்தனம் ஆக்சைடு, கதிரியக்கத் தொல்லை இல்லை. இரும்பு, எவர்சில்வர், செம்பு, இன்வெர்ட்டர் (எலெக்ட்ரானிக் வெல்டிங்) மெஷினில் அலுமினியம் என எல்லாவற்றுக்கும் நீலம் ஒன்றே போதும் என்பது எங்கள் கட்சி. சாம்பல் நிற சீரியம் ராடு, குறைந்த ஆம்பியரில் மெல்லிய தகடு ஒட்டுபவர்களுக்கு நல்லது.

அளவையும் கவனியுங்கள். டிசியில் 1.6 மி.மீ. ராடு சுமார் 70 முதல் 150 ஆம்பியர் வரை தாங்கும், 2.4 மி.மீ. 250 வரை. உங்கள் 1.5, 2 மி.மீ. தகடுகளுக்கு 1.6 தாராளம். மிச்சமிருக்கும் சிவப்பைத் தீட்டும்போது மாஸ்க் போடுங்கள். தூளை ஏர் அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: அலுமினியம் ஒட்டும்போது நுனி உருண்டு, குமிழாகி, ஜாயின்டுக்குள்ளேயே விழுகிறது. ஏசியில்தான் (திசை மாறும் மின்சாரம்) வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் மெஷின், 1.6 பச்சை ராடு, 130 ஆம்பியர்.
– திருமங்கலம் வாசகர்

பதில்: மூன்றுமே ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசியில் டங்ஸ்டன் பிளஸ்ஸாக மாறும் அரைச் சுற்றுதான் அந்தப் படலத்தை உடைக்கிறது. அதே நேரத்தில் சூடு டங்ஸ்டன் பக்கம் திரும்பிவிடுகிறது. 1.6 ராடு ஏசியில் 100 ஆம்பியரைத் தாண்டினாலே திணறும், 2.4 போடுங்கள். பச்சை என்பது கலப்பில்லாத டங்ஸ்டன், பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்களுக்கு உரியது. இன்வெர்ட்டருக்கு நீலத்தைக் கூராகத் தீட்டி, நுனியை மட்டும் லேசாக மழுக்கிவிட்டால் போதும்.

அடுத்து, ஏசியில் டங்ஸ்டன் பிளஸ்ஸாகவும் மைனஸாகவும் இருக்கும் நேரத்தைப் பங்கிடும் பேலன்ஸ் குமிழ். மைனஸ் பங்கு 65 முதல் 75 சதவீதம் இருக்கட்டும். இதில் ஒரு குழப்பம் உண்டு: சில மெஷின்களில் அந்த எண் சுத்தப்படுத்தும் பங்கைக் காட்டும், சிலவற்றில் ஊடுருவும் பங்கை. ஆகவே 30 என்று வைத்தால் ஒன்றில் சரி, இன்னொன்றில் ராடு உருகிவிடும். கையேட்டைப் பாருங்கள். உள்ளே விழுந்த டங்ஸ்டன் துண்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், தேய்த்து வெளியே எடுத்த பிறகே தொடருங்கள்.

கேள்வி: புது ராடு கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடுகிறது, ஆர்க்கும் நேராக நிற்காமல் அலைகிறது. எவர்சில்வர், டிசி.
– மேலூர் வாசகர்

பதில்: இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

கறுப்பது, சூடான டங்ஸ்டன் மேல் காற்று படுவதால். ஆர்க் நின்ற பிறகும் 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் கேஸ் வரவேண்டும். அதாவது 80 ஆம்பியருக்கு 8 விநாடி. அதுவரை டார்ச்சை எடுக்காதீர்கள். ஷெட்டில் வெக்கை என்று பக்கத்தில் ஃபேன் ஓடினால் ஆர்கான் அப்படியே அடித்துப் போகும். அதற்காக நிமிடத்துக்கு 20 லிட்டர் எனத் திறந்தாலும் பயனில்லை. கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், 7 முதல் 10 லிட்டரே சரி. டார்ச்சின் பின்மூடி ஓ-ரிங், ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை மாட்டியிருந்தால் எந்த ராடும் பிழைக்காது. தூய ஆர்கான்தான் வேண்டும்.

அலைவது, தீட்டிய விதத்தால். சாணைக் கோடுகள் ராடின் நீளவாக்கில் நுனியை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே சுற்றிச் சுற்றி ஓடினால் ஆர்க் அந்தக் கோடுகளோடு திரியும். கூரின் நீளம் ராடின் விட்டத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கலாம்; 2.4 ராடுக்கு 5, 6 மி.மீ. இரும்பு தேய்த்த கல்லில் டங்ஸ்டனைத் தீட்டாதீர்கள், தனிக்கல் வையுங்கள். நுனி உருகிய உலோகத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பகுதியை ஒடித்துவிட்டுப் புதிதாகத் தீட்டுங்கள்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கின் தண்டை ஒட்ட எந்த டங்ஸ்டன்?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: நீலமே போதும், ஆனால் சிக்கல் டங்ஸ்டனில் இல்லை. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாகக் கிளம்பும், நுனியையும் கெடுக்கும். சிலிக்கான் பிரான்ஸ் ஃபில்லர் ராடை (ஜாயின்டில் உருக்கி நிரப்பும் கம்பி) வைத்து, ஆர்க்கை ஃபில்லர் மேலேயே காட்டி, குறைந்த ஆம்பியரில் ஒட்டுங்கள். கேஸ் பிரேசிங் (கேஸ் சுடரில் பற்று வைப்பது) தெரிந்தவர் அருகில் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுவது மேல். எப்படியானாலும் திறந்தவெளியில் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.