குழந்தைகளுக்கு ஆசிய உணவுகளைப் பழக்குவது எப்படி?

"ஐந்து வயது மகனுக்குக் கொரிய, ஜப்பானிய உணவு எது கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறான், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் மகளின் முகம்தான் கண்முன் வந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது. மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை ஆசை ஆசையாக வாங்கி வந்து, அதில் ஒரு துண்டை அப்படியே அவள் வாயில் வைத்துவிட்டேன். காரம், புளிப்பு, பூண்டு வாசனை எல்லாம் ஒரே நேரத்தில். துப்பினாள், அழுதாள். அதன்பிறகு ஆறு மாதத்துக்குத் தட்டில் சிவப்பாக எது தெரிந்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள். நீங்களும் இப்படித்தான், பெரியவர்கள் சாப்பிடுவதை அப்படியே எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாடியில் ஒரு கொரியக் குடும்பம் குடியிருந்தது. அந்த அம்மா தன் மூன்று வயதுப் பையனுக்குச் சோறு கொடுப்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கிம்ச்சி இலையைச் சாப்ஸ்டிக்கால் எடுத்து, சின்னக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் முக்கி இரண்டு முறை அலசினார். தண்ணீர் சிவந்தது, இலை வெளுத்தது. அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழித்து, ஒவ்வொரு கரண்டிச் சோற்றின் மேலும் ஒரு துணுக்கு வைத்தார். பையன் மென்றுவிட்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தான். மிளகாய்த்தூளே சேர்க்காத 'பேக் கிம்ச்சி' என்று ஒன்று உண்டு, அதையும் குழந்தைகளுக்குக் கொடுப்போம் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஊர்க் குழந்தைக்கே இவ்வளவு பக்குவமாகக் கொடுக்கிறார்கள், நான் என் பிள்ளையை என்ன பாடு படுத்தினேன்!

அன்றிலிருந்து அங்கே குழந்தைகளுக்கு முதலில் எதைக் கொடுக்கிறார்களோ அதையே நானும் கொடுத்தேன். பெரும்பாலும் அரிசிக் கஞ்சிதான். ஜப்பானில் ஓகாயு, கொரியாவில் ஜூக், வியட்நாமில் சாவ். அப்புறம் மெத்தென்ற டோஃபு (சோயாப் பால் கட்டி), நன்றாக நீர்த்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப். கடற்பாசி போட்ட சூப்பில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு சுவை இருப்பதைக் கவனித்து, 1908-இல் அதற்கு 'உமாமி' என்று பெயர் வைத்தவர் கிகுனாயே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர். அதற்குக் காரணமான குளுட்டமேட் என்ற பொருள் மிசோவிலும் உண்டு, தாய்ப்பாலிலும் தாராளமாக இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கிம்ச்சியைத் துப்பிய என் மகள் மிசோவை முதல் நாளே கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள்.

கையால் செய்ய விடுங்கள், அது இன்னும் உதவும். வெதுவெதுப்பான சோற்றை ஈரக்கையில் வைத்து அழுத்தி ஓனிகிரி என்ற ஜப்பானியச் சோற்று உருண்டை பிடிக்க ஐந்து வயதுப் பிள்ளையால் முடியும். அதன்மேல் சுற்றும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளைச் சாப்பிடும் நேரத்தில் சுற்றினால் போதும், முன்பே சுற்றினால் நமுத்துவிடும். தான் பிடித்த உருண்டையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று தள்ளி நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தம் மேலே வருகிறது, சொல்லிவிடுகிறேன். மகளே பிடித்த ஓனிகிரியைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினேன். "கருப்பா ஏதோ நாற்றம் அடிக்குது" என்று அங்கே ஒருவர் எல்லோர் முன்பும் சொல்ல, டப்பாவை மூடிவிட்டாள். போதாததற்கு, சாப்பாட்டு இடைவேளையே இருபது நிமிடம்தான். கை கழுவி வருவதற்குள் பாதி போய்விடும். ஜப்பானில் 1954-இலேயே பள்ளி மதிய உணவுக்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். பல பள்ளிகளில் பிள்ளைகளே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு வகுப்பில் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார். சாப்பாட்டு நேரமும் அங்கே பாடம்தான். இங்கே அதை மணியடித்து விரட்டும் நேரமாக வைத்திருக்கிறோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆசியா என்றால் இரண்டு மூன்று நாடுதானா?" என்று சிலர் வரக்கூடும். கேள்வியில் இருந்ததற்குப் பதில் சொல்கிறேன், நான் சமைத்துப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். "பிள்ளையை வற்புறுத்தலாமா?" என்றும் கேட்பார்கள். நான் வற்புறுத்தவில்லை. ஒரு துணுக்கு வைப்பேன், தொடாவிட்டால் எடுத்துவிடுவேன், சில நாள் கழித்து மறுபடி வைப்பேன். அலசிய கிம்ச்சியை அவள் ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேல் ஆனது.

சோயா, எள், வேர்க்கடலை, இறால், மீன் இவற்றில் எதற்காவது உங்கள் வீட்டில் அலர்ஜி இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமையும் இருக்கும், உப்பும் மிக அதிகம், சில சொட்டு போதும். பசையரிசியில் செய்யும் ஜப்பானியப் பண்டமான மோச்சி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பசை போல ஒட்டும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புத்தாண்டு சமயத்தில் ஜப்பானிலேயே அதைச் சாப்பிட்டு மூச்சடைத்து முதியவர்கள் இறந்துபோகிறார்கள். என் மகளுக்கு இப்போது ஏழு வயது, இன்னும் நான் கொடுக்கவில்லை.