ஐந்தெழுத்தா, ஏழெழுத்தா? பழங்காசு வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: சோழர் காலக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் இணையத்தில் 'ராஜராஜ சோழன் வெள்ளிக் காசு, அசல்' என்ற அறிவிப்பைப் பார்த்து 6,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். காசு வெள்ளி நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் விளிம்பில் ஓரிடத்தில் செம்பு தெரிகிறது. இது போலியா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? பழம்பொருள் எதையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று விற்பனையாளர் கூறுகிறார். (கும்பகோணம் வாசகர்)

பதில்: முதலில் அந்தக் காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், உரைகல்லில் உரசவும் வேண்டாம். அதன் மேற்பரப்புதான் உங்கள் வழக்குக்கு ஆதாரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைத் திருப்பி அனுப்பினால், பொருளை நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல விற்பனையாளருக்கு வழி பிறந்துவிடும்.

வெள்ளியா, செம்பா என்பதற்கு வீட்டிலேயே விடை கிடைக்கும். கிராமில் இரண்டு தசம இலக்கமாவது காட்டும் தராசு வேண்டும். தெரிந்த நகைக்கடையில் மூன்று இலக்கத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. காசை முதலில் அப்படியே எடை போடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருள்ள கிண்ணத்தில் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிட்டு, அந்த நிலையில் அதன் எடை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். முதல் எடையை அந்தக் குறைவால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி தெரிந்துவிடும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. எடுத்துக்காட்டாக, 4.10 கிராம் காசு தண்ணீரில் 0.46 கிராம் குறைந்தால் அது செம்பு. வெள்ளியாக இருந்தால் 0.39 கிராம்தான் குறையும். காசின் மேல் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்குத் தவறும் என்பதால், மூழ்கியபின் நூலை ஒருமுறை லேசாக ஆட்டிவிட்டு எடையைக் குறியுங்கள். அக்கால வெள்ளிக் காசுகளில் செம்புக் கலப்பு உண்டு. ஆகவே இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு விடை வந்தால் அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. விடை 8.9-ஐ ஒட்டி வந்தால் மட்டும் தயக்கமில்லாமல் செம்பின்மேல் வெள்ளி முலாம் என்று கொள்ளலாம். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது. முலாமிட்ட காசை அதில் வைத்தால் வெள்ளி என்றே சொல்லக்கூடும்.

இனி நுணுக்கமான பகுதி. அடியில் இருப்பது செம்பு என்று தெரிந்துவிட்டாலும், அந்தச் செம்புக் காசு இன்று வார்த்த போலியா, அல்லது உண்மையான ராஜராஜன் காசின்மேல் அதிக விலைக்காக யாரோ முலாம் பூசிவிட்டார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜனின் செம்புக் காசு அரிதான பொருளன்று. ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவமும், அதன் கையருகே மேலிருந்து கீழாக நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜ ராஜ' என்ற பெயரும் கொண்ட அக்காசு, பெரும்பாலும் மூன்றரை முதல் நாலரை கிராம் எடையில், தேய்ந்த நிலையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. உங்களிடம் வாங்கிய விலைக்குக் காரணம் 'வெள்ளி' என்ற ஒரே சொல்தான்.

வார்ப்பா, அச்சில் அடித்ததா என்பதைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். அசல் காசு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்து அடித்து உருவானது. அடியின் வேகத்தில் விளிம்பு வெடித்திருக்கும், உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், கோடுகளின் ஓரம் கூர்மையாக எழும்பி நிற்கும். வார்ப்பில் அந்த ஓரங்கள் சோப்பில் தேய்ந்ததுபோல் மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், விளிம்பைச் சுற்றி அராவிய தடமும் தென்படலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒப்பீட்டை. ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகளில் கோடுகளும் புள்ளிகளும் ஒன்றாக இருக்கும். ஆனால் வில்லையின் வடிவமும், தேய்மானமும், கீறலும், விளிம்பு வெடிப்பும் ஒன்றாக இருக்கவே முடியாது, ஏனெனில் அவை ஒவ்வொரு காசும் தனித்தனியே வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளங்கள். ஓர் அசல் காசிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது அதன் கீறலும் சேர்ந்தே வார்க்கப்படுகிறது. எனவே அமர்ந்த உருவத்தின் முழங்காலுக்குக் கீழே அதே சாய்வில் அதே வெட்டுக்காயம் உள்ள இரண்டு காசுகளைப் பார்த்துவிட்டால், குறைந்தது ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. இப்படி ஒப்பிடுவதற்குத்தான் சேகரிப்பாளர்கள் படம், எடை, விட்டம் ஆகியவற்றோடு பதிந்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான காசுகள் உதவுகின்றன. கீழைநாட்டுக் காசுகளுக்கான 'ஜீனோ' தரவுத்தளத்தில் தென்னிந்தியக் காசுகளும் இலங்கைக் காசுகளும் அரச மரபு வாரியாக உள்ளன. ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும், அறிவித்த தன்மை இல்லாத பொருளையோ போலிப் பொருளையோ திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. 'பழம்பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வாசகம் இதை மாற்றிவிடாது. அறிவிப்புப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், ஏனெனில் புகார் போனபின் 'வெள்ளி' என்ற சொல் அங்கிருந்து மறைந்துவிடக்கூடும். இணையத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கு மேல் உங்கள் மாவட்டக் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. சோதனை தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரிடம் ராஜராஜன் செம்புக் காசு என்று வாங்கினேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டபோது, இது ராஜராஜன் காசே அல்ல, இலங்கை அரசி லீலாவதியின் காசு என்று இருவர் எழுதினார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரியாக இருக்க வாய்ப்புண்டு. நிற்கும் உருவம், அமர்ந்த உருவம் என்ற இந்த அமைப்பு ராஜராஜனோடு நின்றுவிடவில்லை. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தொடங்கி, 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு வரை, இலங்கை அரசர்கள் பெயரை மட்டும் மாற்றி இதே அமைப்பில் காசு வெளியிட்டார்கள். பராக்கிரமபாகுவின் அரசியான லீலாவதி, 1197-க்கும் 1212-க்கும் இடையில் மூன்று முறை பொலன்னறுவையில் அரியணை ஏறியவள். அவள் காசில் உள்ள பெயர் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. முதல் மூன்று எழுத்து இரண்டிலும் ஒன்றே என்பதால், கீழ்ப்பகுதி தேய்ந்த காசில் 'ஸ்ரீ ராஜ' மட்டும் படித்துவிட்டு ராஜராஜன் என்று முடிவுசெய்வது எளிதில் நேரும் பிழை.

எழுத்தை எண்ணிப் பாருங்கள். ராஜராஜன் காசில் ஐந்து, லீலாவதி காசில் ஏழு. கடைசி எழுத்து தெரியாவிட்டாலும், மூன்றாம் எழுத்துக்குப் பின் வருவதன் தலைக்கு மேல் நாகரியின் ஈகாரக் கொக்கி வளைகிறதா என்று பாருங்கள். 'ரா' என்றால் அது இராது. காசை நேர் வெளிச்சத்தில் வைப்பதைவிட, அறையை இருட்டாக்கிவிட்டுக் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் மிகத் தாழ்வாகப் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து வரும். நானே ஒரு காசை இரண்டு ஆண்டுகள் ராஜராஜன் என்ற உறையில் வைத்திருந்து, இப்படி ஓர் இரவில் அந்தக் கொக்கியைப் பார்த்தபின் உறையை மாற்றினேன். அன்று அடைந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

தவறான அடையாளம் எல்லாம் மோசடி ஆகாது. அறிவித்த தன்மை இல்லை என்ற அடிப்படையில் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் விலை நியாயமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், ஏனெனில் அரசி ஒருத்தி தன் பெயரில் வெளியிட்ட காசு நம் பக்கத்து வரலாற்றில் மிகக் குறைவு. எனக்குக் கவலை தருவது வேறொன்று. 1815 மார்ச் 2-க்கு முற்பட்ட பழம்பொருளை உரிமம் இல்லாமல் இலங்கையிலிருந்து வெளியே அனுப்ப அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. காசு அங்கிருந்து தபாலில் வந்திருந்தால் தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். இனி வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: காசோடு 'அசல் என உறுதியளிக்கிறோம்' என்ற சான்றிதழும் தருகிறார்கள். அதற்குக் கூடுதலாக 500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: விற்பவரே எழுதிக்கொடுக்கும் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம். காசின் இருபக்கப் படம், எடை, விட்டம், உலோகம், எந்த அரசர் என்ற விவரம், போலி என்று தெரிந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்ற உறுதி ஆகியவற்றை முறையான ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உரிம எண்ணை ரசீதில் குறிப்பிடுபவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள நாற்பது காசுகளின் விவரங்களைப் பிற சேகரிப்பாளர்களோடு பகிரச் சொல்கிறார்கள். அதில் இரண்டு போலி என்று பின்னர் தெரிந்தது. பகிர்வதால் எனக்கு என்ன பயன்? எதைப் பகிர வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: அந்த இரண்டையும் முதலில் பகிருங்கள். ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பதால், அதே வார்ப்பிலிருந்து வந்த அடுத்த காசு அடுத்தவர் கைக்குப் போகிறது. முதல் கேள்வி கேட்ட கும்பகோணம் வாசகருக்கு உங்கள் இரண்டு படங்கள், பல பக்க அறிவுரையைவிட அதிகம் உதவலாம். விற்றவர் பெயரைச் சொல்லி மோசடிக்காரர் என்று பொதுவில் எழுதுவது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடக்கூடும். காசைக் காட்டுங்கள், ஏன் போலி என்று விளக்குங்கள், புகாரை ஆணையத்திடம் வையுங்கள்.

மற்ற முப்பத்தெட்டுக்கும் இரண்டு பக்கப் படம் ஒரே வெளிச்சத்தில், எடை இரண்டு தசம இலக்கத்தில், விட்டம் மில்லிமீட்டரில், முன்பக்கத்தை நிமிர்த்தி வைத்துப் புரட்டினால் பின்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்ற குறிப்பு, எங்கே வாங்கியது என்ற விவரம் ஆகியவை வேண்டும். காசு கிடைத்த ஊர் உறுதியாகத் தெரிந்தால் அது எல்லாவற்றிலும் மதிப்புள்ளது. இங்கிலாந்தில் நிலத்தில் தனியாகக் கிடைத்த காசுகளைப் பொதுமக்கள் தெரிவிக்க 1997 முதல் ஓர் அரசுத் திட்டமே நடக்கிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் 410 முதல் 1180 வரையிலான காசுகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்த ஊரில் எந்த அரசனின் காசு எவ்வளவு புழங்கியது என்பதை ஆய்வாளர்கள் அதிலிருந்து படிக்கிறார்கள். ராஜராஜன் காசுக்கு அப்படி ஒரு வரைபடத்தைக் காண எனக்கு மிகுந்த ஆசை. அதற்கு உங்கள் முப்பத்தெட்டும் வேண்டும்.

உங்கள் பயன் என்று கேட்டீர்கள். பதிவான காசு திருடுபோனால் அடையாளம் காட்டலாம். விற்க நேர்ந்தால் வாங்குபவர் நம்புவார். வீட்டு முகவரி, மொத்தச் சேகரிப்பின் மதிப்பு, காசுகளை வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்ததாகச் சொல்லி, ஒருவர் பானையோடு நூற்றுக்கும் மேற்பட்ட செம்புக் காசுகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? சிங்கப்பூரில் உள்ள என் அண்ணனும் அதில் பத்துக் காசு கேட்கிறார். (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். தமிழ்நாட்டில் இப்படிக் கிடைத்த காசுக் குவியல்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பானைக் காசுகள் பிரியாமல் ஒன்றாக இருக்கும்வரை, எந்தெந்த அரசர் காசுகள் ஒரே காலத்தில் புழங்கின, பானை ஏறக்குறைய எப்போது புதைக்கப்பட்டது என்பதை அவற்றிலிருந்தே சொல்ல முடியும். பத்துப் பத்தாகப் பிரிந்துபோனபின் எந்த ஆய்வாளராலும் அதை மீட்க முடியாது. அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். நூறாண்டு கடந்த காசைத் தனிநபர் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை, நேர்மையாக வாங்கிய காசானாலும் இதுதான் விதி. விற்க வந்தவர் சட்டம் தெரியாமல் வந்திருக்கலாம். அவரை மிரட்டாமல், பானையைக் கழுவவோ ஒட்டியிருக்கும் காசுகளைப் பிரிக்கவோ வேண்டாம் என்று சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.