துறையில் நான் ஒருத்திதான், யாரிடம் கேட்பது?

கேள்வி: கிராஃப் தியரியில் (முனைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவு) பிஎச்.டி. முடித்து, சிறிய ஊர்க் கல்லூரி ஒன்றில் 4 ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். என் பகுதியில் இங்கே வேறு யாரும் இல்லை, கைடும் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு நிரூபணத்தில் சிக்கினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. இணையக் குழுக்களில் சேர்ந்தால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வாட்ஸ்அப் குழுவைச் சொல்லவில்லை, அதில் காலை வணக்கத்துக்கும் எஃப்.டி.பி. (ஆசிரியர் பயிற்சி) சான்றிதழ் லிங்குக்கும் நடுவே உங்கள் லெமாவை (துணைத் தேற்றத்தை) யார் பார்க்கப்போகிறார்கள்? ஆராய்ச்சி நிலைக் கேள்வி என்றால் 2009இல் தொடங்கிய மேத்ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம், பாடநூல் அளவுச் சந்தேகம் என்றால் மேத் ஸ்டாக்எக்ஸ்சேஞ்ச் என்ற தளம். பாடநூல் சந்தேகத்தை மேத்ஓவர்ஃப்ளோவில் கேட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள், அதற்காக மனம் நோக வேண்டாம்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "டாமினேஷனில் (கிராஃப் தியரியின் ஓர் உட்பகுதி) நல்ல தலைப்பு சொல்லுங்கள்" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "ட்ரீக்களுக்கு (சுற்று இல்லாத கிராஃப்களுக்கு) இந்த வரம்பு நிற்கிறது, ஒரு சைக்கிள் (சுற்று) வந்ததும் நிரூபணத்தின் மூன்றாம் படி உடைகிறது, உடைவதைக் காட்டும் 7 முனை கிராஃப் இதோ" என்று படத்தோடு போட்டுப் பாருங்கள், யாராவது கட்டாயம் நின்று பார்ப்பார்கள். பாதி நேரம் எனக்கு அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை தட்டுப்பட்டு, கேள்வியை அனுப்பாமலே அழித்திருக்கிறேன்.

அரைகுறையாக எழுதினால் மானம் போகும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். ஆனால் பெரிய ஆட்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். 2013இல் கணித அறிஞர் யீடாங் ஜாங், 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிரூபித்தார். உடனே டெரன்ஸ் டாவ் முதலான கணித அறிஞர்கள் பாலிமேத் என்ற பெயரில் இணையத்தில் கூடி, தப்பான யோசனைகளையும் சேர்த்தே பொதுவில் எழுதி எழுதி, ஜேம்ஸ் மேனார்ட் என்ற இளம் கணித அறிஞரின் புது உத்தியும் வந்து சேர, அடுத்த ஆண்டுக்குள் அந்த இடைவெளியை 246 வரை இறக்கினார்கள். அந்த உரையாடல்கள் இன்றும் கிடைக்கின்றன, படியுங்கள். எவ்வளவு பெரிய ஆட்கள் எப்படியெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதே தெம்பு.

யோசனையைத் திருடிவிடுவார்களோ? முக்கிய முடிவை, இதழில் வரும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் போட்டுவிட்டுக் கேளுங்கள், தேதி சாட்சியாக இருக்கும். அங்கே முதல் முறை போட, அந்தப் பிரிவில் ஏற்கெனவே எழுதியிருப்பவரின் பரிந்துரை தேவைப்படலாம், பழைய கைடு எழுதியிருந்தால் அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், ரிசர்ச்செமினார்ஸ்.ஆர்க் தளத்தில் இணையவழிக் கருத்தரங்கப் பட்டியல் இருக்கிறது. ஐரோப்பாவில் பிற்பகல் உரை என்றால் நமக்கு மாலை, கல்லூரி முடிந்து வந்து கேட்கலாம். பிடித்திருந்தால் பேசியவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள், அவருடைய உரையில் எந்த இடம் உங்கள் லெமாவைத் தொடுகிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு.