சைக்காலஜி இளங்கலை: எந்தத் தாளை எப்போது படிப்பது? (கேள்வி பதில்)

பி.எஸ்சி. முதலாண்டு. ஸ்டாட்டிஸ்டிக்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா? அலைடாக (துணைப்பாடமாக) எதை எடுப்பது?

தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஸ்டாட்ஸ், அடுத்து ஆய்வு முறையியல், பிறகு எக்ஸ்பெரிமென்டல் லேப், முடிவில் ப்ராஜெக்ட். லேப் ரெக்கார்டில் சராசரி, திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போட்டு முடிவு எழுத வேண்டும். எந்தத் தரவுக்கு எந்தச் சோதனை என்று தெரியாமல் ப்ராஜெக்ட் தலைப்பே வைக்க முடியாது. ஸ்டாட்ஸில் அரியர் விழுந்தால் பின்னால் வரும் மூன்றும் ஆட்டம் காணும். கோர் தாள்களின் வரிசையைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். உங்கள் கையில் இருப்பது அலைடும் எலக்டிவும்தான். ஸ்டாட்ஸ் அலைடாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

பிளஸ் டூவில் பயாலஜி இல்லை.

பரவாயில்லை. 11ஆம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் பாடங்களை விடுமுறையில் படித்துவிடுங்கள்.

ப்ராஜெக்டில் ஆண் 30, பெண் 30 பேரிடம் மன அழுத்தத்தை ஒப்பிடுகிறேன். போதுமா?

போதாது. குழுக்களுக்கிடையே அரைத் திட்டவிலக்கம் வித்தியாசம் உண்மையிலேயே இருந்தாலும், 30, 30 பேரை வைத்து டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) செய்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128.

எங்கள் கைடு 30 என்றாலே பெரிய மாதிரி என்கிறார். 128 பேருக்கு எங்கே போவது?

மாதிரிச் சராசரிகளின் பரவல் ஏறக்குறைய இயல்நிலைப் பரவலாகிவிடும் (மணி வடிவத்துக்கு வந்துவிடும்) என்பதற்குச் சொல்லும் கணக்கு அந்த 30. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் திறனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆள் கிடைக்காவிட்டால் வடிவமைப்பை மாற்றுங்கள். ஒரே ஆட்களை இரண்டு நிலைகளில் அளந்தால், அதே அளவு மாற்றத்துக்கு 34 பேர் போதும். தூக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதானால், 0.3 அளவு ஒட்டுறவுக்கு (கோரிலேஷன்) சுமார் 85 பேர்.

'வித்தியாசம் இல்லை' என்று வந்தாலும் மதிப்பெண் கிடைக்குமே?

கிடைக்கலாம். ஆனால் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதாதீர்கள். அறுபது பேரை வைத்து நீங்கள் சொல்லக்கூடியது 'கண்டறிய முடியவில்லை' என்பது மட்டுமே. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடத்தான் ஸ்டாட்ஸை முதலிலேயே படிக்கச் சொல்கிறேன்.

மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்ததும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கலாமா?

கூடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குரிய தகுதி இந்தப் பட்டத்தில் இல்லை.

தபால் வழியில் படிக்கலாமா?

சைக்காலஜியைத் தபால் வழியில் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. நேரடி வகுப்பில் சேருங்கள்.

நான்காம் ஆண்டு படிப்பது யாருக்கு?

ஆய்வுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு. யு.ஜி.சி. கட்டமைப்பில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸுக்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். ப்ராஜெக்டுக்கு மட்டும் 12 கிரெடிட்.

கணக்கு வராது, ஸ்டாட்ஸை இறுதியாண்டில்...

முதல் பதிலைப் படியுங்கள்.

இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. இது டிப்ரஷனா?

இங்கே எழுத்தில் கண்டறியக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

ப்ராஜெக்டுக்கான ஆங்கில வினாநிரலை (கேள்வித்தாளை) நானே தமிழாக்கிக் கொடுக்கலாமா?

முதலில் உருவாக்கியவரிடம் அனுமதி வாங்குங்கள். ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பொருள் மாறிய வரிகளைத் திருத்தி, பத்துப் பேரிடம் கொடுத்து எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். தரவு சேர்த்த பிறகு திருத்த வழியில்லை.