வாசகர் கேள்வி பதில்: கொரிய உணவகத்தில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்த நான், வேலை நிமித்தமாக டொராண்டோவில் வசிக்கிறேன். புளூர் தெருவில் உள்ள கொரியாடவுனுக்கு அலுவலகத் தோழிகள் அடிக்கடி அழைக்கிறார்கள். முட்டையைத் தவிர வேறு அசைவம் நான் உண்பதில்லை. காய்கறி சூப் என்று கேட்டு வாங்கியதிலும் மீன் வாடை அடித்ததால், மறுபடியும் போகத் தயக்கமாக இருக்கிறது. அங்கே எதை நம்பிச் சாப்பிடலாம்?
– தர்மபுரி மாவட்ட வாசகி

பதில்: அந்த வாடை உங்கள் பிரமை அல்ல, சகோதரி. காய்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் நீரில் கொதிக்கவைத்து வடித்தெடுக்கும் சாறுதான் கொரியர்களின் பல குழம்புகளுக்கும் சூப்புகளுக்கும் அடிப்படை. டென்ஜாங் ஜிகே என்னும் சோயா விழுதுக் குழம்பில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் டோஃபுவும் காய்த் துண்டுகளுமாகவே இருந்தாலும், அதன் ருசியில் பாதி அந்த நெத்திலிச் சாற்றிலிருந்து வருவதுதான். பரிமாறியவர் உங்களை ஏமாற்றியதாகவும் நினைக்க வேண்டாம். இறைச்சித் துண்டு போடாத உணவைக் காய்கறி உணவாகக் கருதுவது அங்கே பலருக்கும் இயல்பு. ஆகையால், "இறைச்சி உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இதற்கு ஊற்றும் சாறு எதில் வைத்தது, மீன் சாஸ் சேருமா?" என்று கேளுங்கள். கொரிய உணவகத்தில் சைவர்கள் கேட்பதற்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்காமலே மேசைக்கு வந்துவிடும் கிம்ச்சியைப் பற்றியும் இதையே கேட்க வேண்டும். வழக்கமான கிம்ச்சியில் முட்டைக்கோஸுடன் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி மட்டுமல்லாமல் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ சேர்த்துத்தான் புளிக்கவைக்கிறார்கள். அரிசி மாவில் செய்யும் டியோக்பொக்கி சைவம்போலத் தோன்றும். அதன் சிவந்த குழம்பிலும் நெத்திலிச் சாறு இருக்கும், மீன் விழுதில் செய்த வில்லைகளும் மிதக்கும். முட்டை உண்பவர் என்பதால் கெரான்ஜிம் என்னும் ஆவியில் வெந்த முட்டையை உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அதிலும் பல கடைகளில் அதே சாறோ உப்பிட்ட இறாலோ சேரும்.

உங்களுக்கு ஏற்றது பிபிம்பாப்தான், அதிலும் சுடு கற்சட்டியில் வரும் டோல்சொட் பிபிம்பாப். சோற்றின் மேல் சோயா முளை, கீரை, கேரட், காளான் ஆகியவற்றைத் தனித்தனியாக வதக்கி வைத்து, நடுவில் ஒரு முட்டையை வைத்துத் தருவார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதைச் சில கடைகளில் மாட்டிறைச்சிக் கொத்துடன் வதக்குவதுண்டு. ஆகவே வதக்காத விழுதைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டி மேசைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கிளறாமல் சற்றுப் பொறுத்தால், எள்ளெண்ணெய் மணத்தோடு சோறு அடியில் சடசடவென்று பொரிந்து, நம் வீட்டுச் சோற்றுப்பானையின் காந்தலைப் போல மொறுமொறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் சாப்பிடும்போது உங்கள் தயக்கமெல்லாம் போய்விடும்.

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலையில் சேர்ந்திருக்கிறான். தஞ்சோங் பகார் பகுதியில் கொரியக் கடைகள் நிறைய இருப்பதாகச் சொல்கிறான். கோழி சாப்பிடுவான், மாடும் பன்றியும் வேண்டாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவன் எதைக் கேட்டு வாங்கலாம்?
– காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: கோழி உண்பவருக்குக் கவலையே இல்லை. முட்டைக்கோஸும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்த்துத் தட்டையான வாணலியில் வதக்கும் கோழிக்கறியான டாக்கால்பி, கொரியாவின் சுன்சியோன் நகரத்தின் பெயர்பெற்ற உணவு. முதல்முறை போகும் நம்மவர்களுக்கு அதையே நான் சொல்வேன். அதன் சிவப்பு நிறத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, நம் ஊர்க் காரத்துக்குப் பழகியவருக்கு அதில் இனிப்புதான் முதலில் தெரியும். சம்கியேதாங் என்பது சின்னக் கோழி ஒன்றின் வயிற்றுக்குள் பசையரிசி, ஜின்செங் வேர், பூண்டு ஆகியவற்றை வைத்து முழுதாக வேகவைத்த சூப். அதில் காரமே இராது. உப்பைத் தனியாக வைப்பார்கள், கறியைத் தொட்டுக்கொள்ளலாம்.

கிம்ச்சி ஜிகே என்னும் கிம்ச்சிக் குழம்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேரும். புல்கோகி என்னும் வாட்டிய இறைச்சி வழக்கமாக மாடு. மேசையிலேயே சுட்டுத் தின்னும் கடைகளில் ஒரே தட்டில் எல்லா இறைச்சியையும் வாட்டுவதால், நண்பர்களோடு போகும்போது கோழிக்குத் தனித்தட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியாகப் போனால் சங்கடமாக இருக்குமா? கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகள் எவை?
– ஓசூர் வாசகி

பதில்: சுட்டுத் தின்னும் உணவுகளையும் பெரிய சட்டிக் குழம்புகளையும் பல கடைகளில் இருவர் அளவுக்குக் குறையாமல்தான் கொடுப்பார்கள், தனியாகப் போகிறவர் பிபிம்பாப், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப் போன்றவற்றை வாங்கலாம். பாஞ்சான் எனப்படும் சிறு தொடுகறிகளுக்குப் பொதுவாகத் தனிக்காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம். வெளிநாட்டில் மட்டும் சில கடைகள் இரண்டாம் முறைக்குக் காசு வாங்குகின்றன. பெரியவர் எடுத்த பிறகே இளையவர் தொடங்குவது அவர்கள் வழக்கம். கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள்; இறந்தவர்க்குப் படைக்கும்போதுதான் அப்படிச் செய்வார்கள். சோற்றையும் சூப்பையும் கரண்டியால் உண்பதே முறை என்பதால், உலோகக் குச்சிகள் கைக்கு வசப்படவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். கரண்டி மேசைமேல் இல்லையென்றால், மேசையின் பக்கவாட்டில் சிறிய இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் அதற்குள்தான் வைத்திருப்பார்கள்.